யானைக் காசின் கீறல்

கௌதமனைத் திருடன் என்று ஆரிஃப் சொன்னபோது நான் கத்தரியும் கையுமாக ஸ்டுடியோ வாசலில் நின்றிருந்தேன். ஜாக்கெட் ஒன்றுக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தவள், பக்கத்துக் கடையில் சத்தம் கேட்டு அப்படியே எழுந்து வந்துவிட்டேன். ஆரிஃப் படித்தவன், முப்பதைத் தாண்டியவன், அதுநாள்வரை கௌதமனை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டான்.

“எங்கத்தாவோட யானைக் காசை எங்கீங்கண்ணா வெச்சிருக்கறீங்க? மரியாதையாக் குடுத்துப்போடுங்க. இல்லீன்னா ஸ்டேசனுக்குத்தான் போகோணும்.”

ஒருத்தரைத் திருடன் என்று சொல்லும்போதும் ‘ங்க’ போட்டுச் சொல்வது எங்கள் பக்கத்தில் மட்டும்தான் நடக்கும். கௌதமனின் வாய் திறந்தது, மூடியது. அவருக்குப் பதிலாக நான் பேசினேன். பேசினேன் என்ன, கத்தினேன்.

“ஏனுங்க தம்பி, யாரைப் பார்த்து என்ன பேசறீங்க? நாலு பேரு கேட்டா உங்களைத்தான் காறித் துப்புவாங்க.”

நாலு பேர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் துப்பவில்லை. டீக்கடையிலிருந்து டம்ளரோடு எட்டிப் பார்த்தவர்களின் கண்ணெல்லாம் கௌதமன் மேல்தான் இருந்தது.

என் பெயர் அன்புக்கரசி. மதுக்கரை மார்க்கெட் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் கௌதமனின் ஸ்டுடியோவுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவர் அங்கே தும்மினால் இங்கே என் ஊசி நூல் நழுவும். அவருடைய மனைவி பொற்கொடி எனக்குத் தங்கச்சி மாதிரி. ஆகவே இதை நடுநிலையாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கல்யாண ஆல்பமும் சீர் வீடியோவுமாக ஒரு காலத்தில் ஓடிய ஸ்டுடியோ அது. எல்லார் கையிலும் போன் வந்த பிறகு பாஸ்போர்ட் சைஸ் படமும் பள்ளிக்கூட அடையாள அட்டையும்தான் மிஞ்சின. ஆனால் அந்தப் பாஸ்போர்ட் சைஸ் படத்தையும் அவர் சும்மா கொடுக்க மாட்டார். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, எதையும் விட்டுவைக்க மாட்டார். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துவிட்டுத்தான் பிரிண்ட் போடுவார். அதற்கு டச்சப் என்று பெயர். என் கன்னத்து மருவை ஒருமுறை அழித்துவிட்டார். “எங்கப்பன் மூஞ்சியிலிருந்து வந்த மருவுங்க அது, உங்களை யாரு எடுக்கச் சொன்னது?” என்று சண்டை போட்டுத் திரும்ப வைக்கச் சொன்னேன். “ஏனக்கா, அழகாத்தானே இருக்குது” என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். மனுசன் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்ததில்லை. யார் முகத்தையும் அது இருக்கிற கோலத்தில் விட்டுவிட அவருக்கு மனசு வராது, அவ்வளவுதான்.

ஆரிஃபின் அப்பா ஜபருல்லா, உக்கடத்தில் பூட்டும் கொண்டியும் ஆணியும் விற்கிற கடைக்காரர். கோட்டைமேட்டில் வீடு. பழைய காசு சேர்ப்பதில் பைத்தியம். ஹஜ் விண்ணப்பத்துக்குப் படம் எடுக்கத் தற்செயலாக இங்கே வந்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்துக் காட்டி, “இதைப் படம் எடுக்க முடியுங்களா? போன்ல எடுத்தா மொழுக்குன்னு வருது, எழுத்தே தெரிய மாட்டேங்குது” என்றார். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

காசைப் படம் எடுப்பது குழந்தையைப் படம் எடுப்பதைவிடக் கஷ்டம் என்று கௌதமன் சொல்வார். பெரிய சாமான் எதுவும் அவரிடம் இல்லை. கல்யாணத்துக்குத் தூக்கிப் போன அதே பழைய கேமரா. அதன் லென்ஸ் முன்னால் திருகிப் போட ஒரு பூதக்கண்ணாடி. என் பழைய தையல் மெஷினின் இரும்புக் காலை வாங்கிப் போய், கேமரா தலைகுப்புறத் தொங்குகிற மாதிரி ஸ்டாண்டு செய்துகொண்டார். நான் வெட்டிப் போட்ட கருப்பு வெல்வெட் துண்டை விரித்து, அதன்மேல் ஒரு பாட்டில் மூடியை வைத்து, மூடிமேல் காசை வைப்பார். அப்போதுதான் பின்னால் நிழல் விழாதாம். இரண்டு பக்கமும் டிரேசிங் பேப்பர் சுற்றிய டேபிள் லைட். காசை விளிம்பில் மட்டும்தான் தொடுவார். காது சுத்தம் செய்கிற ரப்பர் பந்தால் புஸ் புஸ் என்று தூசி ஊதுவார். சிமெண்ட் லாரி போகிற ரோட்டில் தூசிக்கு என்ன பஞ்சம்? லாரி வந்தால் தரை நடுங்கும், படம் கலங்கிவிடும். ஆகவே ஒரு லாரி போய் இன்னொரு லாரி வருவதற்குள் கேமராவில் டைமரை அமுக்கிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளி நிற்பார். பார்க்கிற எனக்குச் சிரிப்பாக வரும்.

“விளக்கை இப்படிச் சாய்ச்சாப் பாருங்கக்கா, யானை எந்திரிச்சு நிக்குது. நேரா வெச்சாப் படுத்துக்குது” என்று ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினார். திப்பு காலத்துச் செப்புக் காசு அது. பெரிய அளவு, ஒரு பக்கம் யானை. விளக்கு சாய்ந்ததும் யானை நிஜமாகவே எழுந்து நின்றது. அதன் பின்னங்காலிலிருந்து வயிறு வரைக்கும் ஒரு கீறல் ஓடியது. அதை நான் பார்த்தேனா என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. யானையைத்தான் பார்த்தேன். பார்த்திருந்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அந்த நேரத்தில் தோன்றவில்லை.

கௌதமன் பழக்க தோஷத்தில் காசுகளுக்கும் டச்சப் போட ஆரம்பித்தார். முதல் படத்தைப் பார்த்த ஜபருல்லா பாய், “என்ற காசுதானுங்களா இது! கல்யாண மாப்பிள்ளையாட்ட நிக்குது” என்று போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பாராட்டு என்ற ஒன்றைக் கேட்டு எத்தனையோ வருசம் ஆன மனுசனுக்கு அது போதாதா? அடுத்த காசுக்கு இன்னும் கொஞ்சம் டச்சப். அதற்கடுத்ததற்கு இன்னும் கொஞ்சம். பாய் தன் சேகரிப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் படங்களைப் போட, திருப்பூர், ஈரோடு, சென்னிமலை என்று ஆட்கள் காசு கொண்டு வந்தார்கள். ஸ்டுடியோவில் மறுபடி விளக்கு எரிந்தது. பொற்கொடி முகத்திலும் எரிந்தது.

பிறகு ஜபருல்லா பாய்க்கு ஒரு நாள் கடையிலேயே பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் நின்றது. என்ன கேட்டாலும் “ஆமா” என்பார். சாப்பிட்டீங்களா என்றால் ஆமா. சாப்பிடலையா என்றாலும் ஆமா.

சிகிச்சைக்காகக் காசுகளை விற்றுவிடலாம் என்று ஆரிஃப் முடிவெடுத்தான். படங்களைப் பார்த்து ஆசைப்பட்ட பெங்களூர்க்காரர் ஒருவர் நேரில் வந்தார். யானைக் காசைக் கையில் வாங்கிப் பார்த்தவர், போனிலிருந்த படத்தையும் பார்த்தார். “இது அந்தக் காசு இல்லை. படத்தில் கீறலே கிடையாது. நல்லதை யாரோ எடுத்துக்கொண்டு மட்டமானதை வைத்துவிட்டார்கள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாய் படுக்கையில் விழுவதற்கு முன்னால், கடைசியாகக் கொண்டுவந்த காசுகளை ஸ்டுடியோவிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். யானைக் காசும் அதில் இருந்தது. பிற்பாடு ஆரிஃப் வந்துதான் வாங்கிப் போனான். வேறு யார் எடுத்திருக்க முடியும்? ஆரிஃப் இருந்த நிலைமையில் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். இதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அவனைக் கத்தரியால் குத்தத்தான் தோன்றியது.

கடைசியில் கௌதமன் வாய் திறந்தார். “தம்பி, காசு அதேதானுங்க. அந்தக் கீறலை நாந்தானுங்க அழிச்சேன். டச்சப்புல.”

“காசுக்கு எவனுங்கண்ணா டச்சப் போடுவான்?” என்றான் ஆரிஃப். “அழிக்காத படத்தைக் காட்டுங்க பார்ப்போம்.”

அழிக்காத படம் இல்லை. நல்லதாகச் செய்த படத்தை வைத்துக்கொண்டு முதல் படத்தை அழித்துவிடுவது அவர் வழக்கம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை கண்ணை மூடிய படத்தை யார் சேர்த்து வைப்பார்கள்? அந்த மாதிரிதான். மெமரி கார்டில் அந்த இடத்தில் இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகங்கள் இருந்தன.

ஆரிஃப் போனதும் கௌதமன் ஷட்டரை உள்பக்கமாக இழுத்து விட்டுக்கொண்டார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தேன். பொற்கொடி ஓடி வந்தாள். “அக்கா, அவரை மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாதுங்க. அவரு தாங்க மாட்டாரு” என்று அழுதாள். ஏன் என்று அப்போதுதான் சொன்னாள்.

கௌதமனின் அப்பா வேலன் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். தண்ணீர் மோட்டார் ஒன்று காணாமல் போனது. எடுத்தவன் தோட்டக்காரரின் சொந்தக்காரன் என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் அதற்கு முன்பே வேலனைத் தென்னை மரத்தில் கட்டி வைத்து விசாரித்தாகிவிட்டது. உண்மை தெரிந்தபின் ஒருத்தரும் வந்து, நீ எடுக்கவில்லை என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவர் சாகும்வரை காத்திருந்தாராம். எங்கள் ஊரில் சில பேருக்குத்தான் அந்தப் பழி இவ்வளவு சுலபமாக ஒட்டும். யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கௌதமன் வாழ்க்கை முழுக்க அந்த ஒன்றில் மட்டும் அப்படிக் கவனமாக இருந்தார். மண்டபத்தில் கீழே கிடந்த தோட்டைக்கூட மைக்கில் கூப்பிட்டுக் கொடுத்தவர்.

மறுநாள் முதல் அவர் பட்ட பாடு நாய் படாத பாடு. காந்திபுரத்தில் அழிந்த படத்தை மீட்டுத் தருகிற கம்ப்யூட்டர்க்கடை வைத்திருக்கும் மனோஜ்குமாரிடம் கார்டைக் கொண்டுபோனார். “மேல வேற படம் ஏறிடுச்சுங்க, கஷ்டம்” என்று அவர் சொன்னாலும், கௌதமன் கடையை விட்டு நகரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தார். பல தடவை முயற்சி செய்து கடைசியில் ஒரு படம் வந்தது. அதே யானைக் காசு, டச்சப் போடாதது. கௌதமன் எழுந்து கும்பிட்டே விட்டாராம். படம் மேலிருந்து கீழாக மெதுவாகத் திறந்தது. காசின் மேல் விளிம்பு வந்தது. யானையின் தலை வந்தது, தும்பிக்கை வந்தது, முதுகு வந்தது. அப்புறம் வெறும் சாம்பல் நிறம். வயிறும் காலும் கீறலும் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஒரே சாம்பல். “இதுக்கு மேல இல்லீங்க” என்றார் மனோஜ்குமார். அந்தப் பாதிப் படத்தை என்னிடம் காட்டும்போது கௌதமன் திரையைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே இருந்தார், தள்ளினால் மிச்சம் வந்துவிடும் என்பது போல.

அதற்குள் ஆரிஃப் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டான். ‘மதுக்கரை ஸ்டுடியோவில் காசு மாற்றப்பட்டது, எச்சரிக்கை.’ சாயங்காலத்துக்குள் ரோடு முழுக்கத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து போன் செய்து அடையாள அட்டைப் படம் இந்த வருசம் வேண்டாம் என்றார்கள். டீக்கடையில் கௌதமன் போனதும் பேச்சு நின்றது. பொற்கொடி ரேஷன் கடை வரிசையிலிருந்து பாதியில் திரும்பி வந்தாள். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, பர்ஸை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள் என்றாள்.

கௌதமன் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். தூக்கு மாட்டிக்கொள்வாரோ என்று பயந்து, பொற்கொடி வீட்டிலிருந்த கயிற்றையெல்லாம் என் கடையில் கொண்டுவந்து வைத்தாள். கொடிக் கயிற்றைக்கூட அவிழ்த்துவிட்டாள். அந்தக் கயிற்றுச் சுருளை என் மேசைக்கு அடியில் காலால் தள்ளி வைத்துக்கொண்டு நான் ரவிக்கை தைத்தேன். தையல் கோணியது.

ஒரு நாள் காலையில் திடீரென்று என் கடைக்குள் வந்தார். முகத்தில் மறுபடி ரத்த ஓட்டம் வந்திருந்தது. “அக்கா, வழி இருக்குதுங்க. கீறலை மட்டுந்தானே அழிச்சேன்? அந்தக் காலத்துக் காசு கையில அடிச்சது. ஒரு காசு மாதிரி இன்னொண்ணு இருக்காது. விளிம்பு, பள்ளம், எல்லாம் வேற வேற. அதே விளக்கு வெச்சு அதே மாதிரி மறுபடி எடுத்து, பழைய படத்து மேல வெச்சுக் காட்டுனா, கீறலைத் தவிர மிச்சமெல்லாம் அச்சாப் பொருந்துமுங்க. அப்புறம் அவங்க என்ன சொல்ல முடியும்?”

எனக்கும் உயிர் வந்தது. ஆரிஃப் முதலில் முடியாது என்றான். நான் போனைப் பிடுங்கிப் பேசியபின், “எங்க ஊட்டுக்கு வந்து எடுங்க. காசு என் கையை விட்டுப் போகக் கூடாது” என்றான். பொற்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்களும் போங்கக்கா. அங்க எவனாச்சும் ஏதாச்சும் சொன்னா இவரு வாயே தொறக்க மாட்டாரு.” ஸ்டாண்டையும் வெல்வெட்டையும் விளக்குகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கோட்டைமேட்டுக்குப் போனோம்.

கூடத்தில் ஜபருல்லா பாய் கட்டிலில் சாய்ந்திருந்தார். கௌதமனைப் பார்த்ததும் கோணிய வாய் அசைந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. அவர் மனைவி மெஹராஜ் துண்டால் துடைத்துவிட்டார். மருமகள் இஃப்ரா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். திருடன் என்று பழி போட்ட வீட்டிலும் தண்ணீர் கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

கௌதமன் எல்லாவற்றையும் அடுக்கினார். ஆரிஃப் தன் கையாலேயே காசை மூடிமேல் வைத்தான். லாரி எதுவும் இல்லாத வீடு, ஆனாலும் கௌதமன் நின்று நின்று, மூச்சடக்கி எடுத்தார். லேப்டாப்பில் பழைய படத்தின்மேல் புதிய படத்தை வைத்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

பொருந்தவில்லை.

காசைத் திருப்பி வைத்தார், பெரிதாக்கினார், சிறிதாக்கினார். பழைய படத்துக் காசு நிலா மாதிரி வட்டமாக இருந்தது. கையில் இருந்த காசின் ஓரம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. பழையதில் இல்லாத பள்ளங்கள் புதியதில் இருந்தன. யானையின் வால்கூட வேறு மாதிரி இருந்தது. கீறலை மட்டும்தான் அழித்தேன் என்று அந்த மனுசன் மனதார நம்பிக்கொண்டிருந்தார். ஓரத்தை உருட்டியது, பள்ளத்தை நிரப்பியது, தேய்ந்துபோன வாலைத் தீட்டியது, எதுவும் நினைவில்லை. பழகிய கை அதன் பாட்டுக்கு வேலை செய்துவிட்டது. அந்தப் படத்தில் இருந்த காசு இந்த உலகத்தில் எங்கேயும் கிடையாது. அதைத்தான் அவர் திருடியதாகச் சொன்னார்கள், இப்போது அதற்கு அவரே சாட்சியும் கொண்டுவந்து விரித்துவிட்டார்.

“பார்த்தீங்களா?” என்றான் ஆரிஃப். குரலில் வெற்றி இல்லை, அழுகைதான் இருந்தது. “எங்கத்தா உங்களைத் தம்பின்னு நெனச்சாருங்கண்ணா.”

கௌதமன் முட்டிபோட்டுக் கட்டிலண்டை போனார். காசை ஆரிஃபிடமிருந்து கேட்டு வாங்கி, பாயின் இடது உள்ளங்கையில் வைத்தார். “பாய், நீங்க சொல்லுங்க. இது உங்க காசுதானுங்களே?”

“ஆமா” என்றார் பாய்.

எனக்கு மூச்சு வந்தது. ஆரிஃப் குனிந்தான். “அத்தா, இவரு காசை மாத்திப்போட்டாரா?”

“ஆமா” என்றார் பாய். சொல்லிவிட்டுத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கண்ணிலிருந்து கொட்டியது. மறுபடி ஆமா, ஆமா என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். உள்ளே முழு மனுசன் இருந்தார். வெளியே வர ஒரே ஒரு கதவுதான் இருந்தது, அதுவும் தப்பான கதவு. கௌதமன் நெற்றியைக் கட்டில் சட்டத்தில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினார்.

இஃப்ரா அதுவரை மாமனாரின் போனில் மற்றக் காசுப் படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏனுங்க, இந்த நாலணாவைப் பாருங்களேன்” என்றாள் கணவனிடம். காண்டாமிருகம் போட்ட, ஒரு காலத்தில் எல்லார் வீட்டிலும் கிடந்த நாலணா. “இது நம்ம கதவு இடுக்குல மாட்டி நசுங்குச்சே, அதுதானுங்க. படம் எடுக்கறதுக்கு முன்னாடியே நாந்தானே இடுக்குலிருந்து எடுத்தேன். படத்துல நசுங்கலே இல்லியே.”

ஆரிஃப் உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தான். நாலணா வந்து விழுந்தது, ஓரம் நசுங்கிய அதே நாலணா. அடுத்ததைப் பார்த்தார்கள். ஓட்டைக் காலணா ஒன்று, அதுவும் படத்தில் வேறு மாதிரி. அடுத்ததும் வேறு. எல்லாமே வேறு. ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

“நாலணாவை எவன் திருடுவான்?” என்றாள் இஃப்ரா.

ஆரிஃப் அப்படியே தரையில் உட்கார்ந்தான். “நீங்க திருடலீங்கண்ணா” என்றான்.

கௌதமன் அந்தச் சொல்லைக் கேட்டு அழவில்லை, சிரிக்கவில்லை. “என்ற சம்சாரத்துக்குப் போன் போட்டுச் சொல்லுங்க தம்பி” என்றார். ஆரிஃப் சொன்னான். பொற்கொடி அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, அவன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான். “இனி குழுவுலயும் போடுங்க” என்றார் கௌதமன்.

“என்னன்னு போட? காசு மாறலைன்னு போட்டாப் பத்தாதுங்கண்ணா, நம்ப மாட்டாங்க. நீங்க எல்லாப் படத்தையும் மாத்துனீங்கன்னு சேர்த்துப் போட்டாத்தான் நம்புவாங்க. அப்படிப் போட்டா இனி ஒருத்தரும் உங்ககிட்ட ஒரு காசைக் காட்ட மாட்டாங்க.”

“போடுங்க.”

“ஏனுங்க, கொஞ்சம் யோசிங்க” என்றேன் நான்.

“எங்கப்பனுக்கு ஒருத்தனும் போடலீங்கக்கா” என்றார்.

ஆரிஃப் போட்டான். அடுத்த நிமிசமே பதில்கள் வர ஆரம்பித்தன. மோசடி என்றார்கள், பித்தலாட்டம் என்றார்கள். சென்னிமலையில் பெட்ஷீட் நெய்யும் நரசிம்மலு, கௌதமனின் படங்களைக் காட்டிக் குழுவில் பலருக்குப் பழைய காசுகளை விற்றவர், போனிலேயே கூப்பிட்டார். “என்ற பேரையும் சேர்த்துக் கெடுத்துப்போட்டீங்களே. நான் வாங்குனவங்க மூஞ்சியில எப்படீங்க முழிப்பேன்?” என்று கேட்டார். திருடன் என்ற பேர் போய் ஏமாற்றுக்காரன் என்ற பேர் வந்ததைக் கௌதமன் கேட்டுக்கொண்டே நின்றார். நான் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன். அந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

அப்போது மெஹராஜ் தயங்கித் தயங்கி வந்தார். “தம்பி, கேமராவும் கையுமா வந்திருக்கறீங்க. இவருக்கு மாற்றுத்திறனாளி அட்டைக்கு ஒரு போட்டோ வேணும். வெளியில கூட்டிட்டுப் போக முடியல.” கௌதமன் கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றினார். பாயை நிமிர்த்தி உட்காரவைத்து, பின்னால் வெள்ளை வேட்டியைப் பிடிக்கச் சொல்லி, ஒரு படம் எடுத்தார். லேப்டாப்பில் அது திறந்ததும் மெஹராஜ் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“வாயை மட்டும் கொஞ்சம் நேராக்கிக் குடுங்களேன் தம்பி. உங்களுக்கு அது நிமிச வேலைதானே.”

“வேண்டாங்கக்கா.”

“இந்தக் கோலத்துல அட்டையில வேண்டாம் தம்பி. என்னால பார்க்க முடியாது.”

செய்து கொடுத்தால்தான் என்ன என்று எனக்குக் கோபமாக வந்தது. இத்தனை பேருக்குச் செய்த மனுசன், கட்டினவள் கேட்கிறாள், செய்தால் குறைந்தா போய்விடுவார்? கௌதமன் லேப்டாப் விசைகளின்மேல் வைத்திருந்த விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் நேராக்கிக் குடுத்துப்போடுவேனுங்க. நாளைக்கு எவனாச்சும் அட்டையையும் ஆளையும் பார்த்துப்போட்டு, ‘இது நீ இல்லியே, பொய் சொல்றியா’ன்னு கேட்டா, பாய் ஆமான்னுதானுங்கக்கா சொல்லுவாரு.”

மெஹராஜ் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கௌதமன் அந்தப் படத்தை, இருக்கிறது இருக்கிறபடியே, ஆரிஃபின் போனுக்கு அனுப்பினார்.